கூடிச் சுமப்பதும் பங்கு கேட்பதும்

1945 ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி, யப்பானியர் ஆட்சி முடியுந் தறுவாயில், வரப்போகும் சுதந்திர இந்தோனேசியா எக்கொள்கைகளின் மேல் நிற்கவேண்டும் என்று ஆராயக் கூடிய குழுவின் முன் சுகார்ணோ உரையாற்றினார். ஐந்து கொள்கைகளை முன்வைத்து, அவற்றுக்குப் பஞ்சசீலம் என்று பெயரிட்டார். ஐந்தும் வேண்டாமாயின் மூன்றாகச் சுருக்கலாம், மூன்றும் வேண்டாமாயின் ஒன்றாகவே சுருக்கலாம் என்று கூறிய அவர், அந்த ஒன்றை இரண்டு சொற்களாற் சுட்டினார். கோத்தோங் ரோயோங் என்பன அச்சொற்கள். ஜாவா மொழியிற் 'கோத்தோங்' என்பது பலர் கூடி ஒரு பாரத்தைத் தூக்கிச் சுமப்பது. கிராமத்து வழக்கம் ஒன்றை எடுத்து ஒரு தேசத்தின் அடிக்கல்லாக நாட்டிய தலைவர்கள் உலகில் அதிகம் பேர் இலர்.

1955 ஆம் ஆண்டு பாண்டுங் மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் எமது நாடும் ஒன்று. எனினும் அந்நாட்டின் தலைவர்களைப்பற்றி எம்மவர் அறிந்த அளவுக்கு அதன் கிராமங்களைப்பற்றி அறிந்ததில்லை. கூடி வாழ்தல், பகுத்துண்ணல் என்பவற்றை வகுப்பறையில் அறமாகப் போதிப்பவர்கள் நாம். ஆகவே, இவ்விரண்டையும் வாழ்க்கை முறையாகவே கொண்டிருந்ததெனப் புகழப்படும் ஒரு சமூகத்தில் அவை உண்மையில் எவ்வாறு இயங்கின என்பதைக் காண்பது எமக்குப் பயன்தரும். கூடிச் சுமப்பது நல்லொழுக்கந்தானா என்பதே கேள்வி. இக்கேள்விக்கு விடை காண்பதற்கு முன், பாரம் யாருடையது என்பதையும், அதை இறக்கிவைத்த பின் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

மத்திய ஜாவாவிலே, ஜொக்ஜகார்த்தாவைச் சூழ்ந்த நெற்பூமியில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்த ஒரு சிறு கிராமத்தை நினைத்துக்கொள்வோம். 'தேசா' என்பது கிராமத்துக்கு அவர்கள் வழங்கும் பெயர். நமக்கு அந்நியமான சொல்லன்று. தூரத்திலிருந்து நோக்குவோருக்கு வீடுகள் தென்படுவதில்லை. வயற்கடலின் நடுவே மரங்களாலான ஒரு தீவுதான் தெரியும். தென்னை, வாழை, பலா, மூங்கில் என்பவற்றின் நிழலுக்குள் மூங்கிற்றட்டிச் சுவருடைய வீடுகள் இருக்கும். வீட்டைச் சுற்றிய வளவிலே கீரையும் கிழங்கும் மிளகாயும் விளையும். வயல் இல்லாத குடும்பத்தின் வயிற்றைப் பாதி நிரப்புவது இந்த வளவுதான். எரிமலை தந்த மண் வளமானது, நீருக்கும் குறைவில்லை. குறைவு நிலத்துக்கே. அரை ஹெக்டேருக்கு மேல் வயல் உடையவர் அங்கே வசதியுள்ளோர் வரிசையிற் சேர்வர். வரம்பளவு நிலமும் இல்லாத குடும்பங்கள் மிகப் பல.

இக்கிராமத்தில் ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால் அயலவர் கூலியின்றி வந்து கூரையை ஏற்றிக்கொடுப்பர். வேலைக்கு வந்தோருக்கு உணவும் தேநீரும் புகையிலையும் கொடுப்பது வீட்டாரின் கடமை. இதற்குச் சம்பாத்தான் என்று பெயர். உதவி கோரல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. மரணவீட்டில் அழைப்பை எதிர்பாராமலே அயலவர் கூடுவர். இவற்றைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எமக்கில்லை. ஆனால் சம்பாத்தானுக்கு ஒரு கணக்கு உண்டு. எழுதப்படாவிடினும் மறக்கப்படாத கணக்கு அது. இன்று வந்தவனுக்கு நாளை போகவேண்டும். ஏறத்தாழச் சமமானவர்களிடையே இக்கணக்கு நேராகும். சமமற்றவர்களிடையே அது எப்போதும் ஒரு பக்கமாகவே சாயும். தன் உடம்பைத் தவிர வேறொன்றும் இல்லாதவன் உடம்பாலேயே கடனடைக்கிறான். வசதியுள்ளவனோ தனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்பிவிடலாம்.

இதே பெயரால் வழங்கும் வேறொரு வேலையும் உண்டு. வீதி திருத்துதல், வாய்க்கால் வெட்டுதல், பாலம் அமைத்தல் ஆகிய பொதுவேலைகளுக்குக் கெர்ஜா பக்தி என்று பெயர். நாம் அறிந்த 'பக்தி'தான் இது. கூலியில்லா உழைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த அதிகாரியும் கண்டுபிடித்திருக்க முடியாது! ஊர்த்தலைவர் நாள் குறிக்கிறார். வீட்டுக்கு ஒருவர் வருகிறார். தங்கள் வாய்க்காலைத் தாங்களே வெட்டிக்கொள்வதில் இழிவு ஏதுமில்லை. ஆயின், அந்த வாய்க்காலின் நீர் வயல் உள்ளவனின் வயலுக்கே பாய்கிறது. வெட்டுவதற்கு மட்டும் வயல் இல்லாதவனும் வருகிறான்.

இதன் வரலாறு நீண்டது. 1830 ஆம் ஆண்டு ஒல்லாந்தத் தேசாதிபதி வன் டென் பொஸ் கட்டாயப் பயிர்ச்செய்கை முறையைப் புகுத்தியபோது தனி விவசாயியோடு கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, கிராமத்தோடுதான் வைத்துக்கொண்டார். கிராம நிலத்தில் ஐந்திலொரு பங்கிற் கரும்பும் அவுரியும் போன்ற ஏற்றுமதிப் பயிர்கள் செய்யப்பட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் விதியின் எல்லையும் மீறப்பட்டது. உழைப்பைத் திரட்டும் பொறுப்பு ஊர்த்தலைவரிடம் விடப்பட்டது. கிராமத்தின் ஒற்றுமையும் பழைய வழக்கமும் அந்நியனின் கணக்கேட்டில் மலிவான கூலிப்படையாக மாறின. 1849, 1850 ஆம் ஆண்டுகளில் டெமாக், குரோபோகன் பகுதிகளிற் பஞ்சம் வந்து பல்லாயிரம் மக்கள் மாண்டனர். முல்தத்தூலி என்னும் புனைபெயரில் முன்னாள் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் எழுதி 1860 இல் வெளிவந்த 'மக்ஸ் ஹவேலார்' நாவல் காட்டுவதும் இதுதான்: வழக்கம் என்ற பெயரால் சுதேசப் பிரபு குடிகளின் எருமையையும் உழைப்பையும் பறிக்கிறார், ஒல்லாந்த ஆட்சி கண்ணை மூடிக்கொள்கிறது. பின்னர் வந்த யப்பானியர் 1944 இல் அயல்வீடுகளைச் சிறு குழுக்களாகப் பிரித்தமைத்தனர். இன்றும் இந்தோனேசியாவின் ஒவ்வொரு தெருவிலும் நிலவும் அயற்குழு அமைப்பு அதன் வழிவந்ததே. யப்பானியர் கொண்டுசென்ற கட்டாய உழைப்பாளர் பெருந்தொகையானோர் திரும்பவில்லை. அந்த ஆட்திரட்டலுக்கு ஆதரவாகப் பிரசாரஞ் செய்தவர்களுள் சுகார்ணோவும் ஒருவர் என்பதை, அவர்பால் உள்ள மதிப்புக் காரணமாக நாம் மறைத்தல் தகாது.

எனவே, ஒரே சொல்லின் கீழ் நட்பும் வாழ்ந்தது, வெட்டிவேலையும் வாழ்ந்தது. இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை போதுமென்று நாம் நினைக்கிறோம்: வரமாட்டேன் என்று சொல்லக்கூடியவன் வந்தால் அது உதவி, சொல்ல முடியாதவன் வந்தால் அதற்கு வேறு பெயர்.

இனி அரிவி வெட்டுக்கு வருவோம். எமது கேள்வியின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

பழைய ஜாவாவில் நெல்லை அரிவாளால் வெட்டுவதில்லை. அனி-அனி என்னும் சிறு கத்தியாற் கதிர் கதிராகக் கொய்வர். ஒரு சிறு மரத்துண்டிற் பதித்த மெல்லிய இரும்பலகு அது; உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நெல்லின் தெய்வம் தேவி ஸ்ரீ. கத்தியைக் கண்டால் அவள் அஞ்சுவாள். ஆகவே அது கைக்குள் மறைந்திருக்க வேண்டும் என்பது நம்பிக்கை. கொய்வோர் பெரும்பாலும் பெண்கள். ஒரு வயல் விளைந்ததென்ற செய்தி பரவினால் அவ்வூர்ப் பெண்கள் மாத்திரமல்லர், அயலூர்ப் பெண்களும் விடியுமுன் வந்து வரம்பிற் காத்திருப்பர். ஒரு ஹெக்டேர் வயலில் நூற்றுக்கணக்கானோர் இறங்கியதுமுண்டு. தான் கொய்த கட்டை ஒவ்வொருத்தியும் வயற்காரர் வீட்டு முற்றத்துக்குச் சுமந்துசெல்வாள். அங்கே வீட்டுத் தலைவி அதைப் பங்கிடுவாள். கொய்தவளுக்குக் கிடைக்கும் பங்குக்குப் பாவோன் என்று பெயர். வந்தவர்களைத் திருப்பியனுப்புவது வழக்கமன்று. கஞ்சன் என்ற பெயர் ஒரு முறை ஒட்டிக்கொண்டால் அந்த வீட்டாருக்கு ஊரில் முகமிராது.

இதைக் கண்டு வியந்தவர்களுள் அமெரிக்க அறிஞர் கிளிபர்ட் கியேட்ஸ் முக்கியமானவர். 1963 இல் வெளிவந்த தமது நூலில், ஜாவாவின் கிராமத்தவர் பெருகிவரும் சனத்தொகைக்கு ஈடுகொடுத்து இருந்த உணவை மேலும் மேலும் சிறு துண்டுகளாக்கிப் பகிர்ந்துகொண்டனர் என்றும், அவர்கள் பகிர்ந்துகொண்டது வறுமையையே என்றும் அவர் விளக்கினார். இக்கூற்றில் ஒரு பரிவு உண்டு. ஒரு மயக்கமும் உண்டு. வறுமை பகிரப்பட்டது என்றவர் நிலம் பகிரப்பட்டதா என்று போதிய அளவு கேட்கவில்லை. பின்வந்த ஆய்வாளர் பலர் இக்குறையைச் சுட்டிக்காட்டினர். 1970 களின் முற்பகுதியில் ஜொக்ஜகார்த்தாவின் மேற்கே குலோன் புரோகோப் பகுதியிற் பல மாதங்கள் தங்கி ஆராய்ந்தவர்கள், பாவோன் எல்லோருக்கும் ஒரே அளவானதன்று என்று கண்டனர். நெருங்கிய உறவினளுக்குப் பெரிய பங்கு. அயலவளுக்கு அதிற் குறைவு. முகமறியாதவளுக்கு மிகக் குறைவு. இன்னுஞ் சில இடங்களிற் கெடோக்கான் என்னும் முறை இருந்தது: நாற்று நடுகையையும் களை பிடுங்கலையும் கூலியில்லாமற் செய்து முடித்தவளுக்கே அரிவி வெட்டில் இறங்கும் அனுமதி. அறுவடையிற் பெறும் 'தாராளமான' பங்கு உண்மையில் மாதக்கணக்கான உழைப்புக்குப் பின்போடப்பட்ட கூலியன்றி வேறென்ன?

எனினும், இதனால் அவ்வழக்கம் வெறும் ஏமாற்று என்று முடிவுகட்டுவோரோடும் நாம் உடன்படவில்லை. பசியால் ஒருவரும் சாகாதபடி தாங்கிய கயிறுகளுள் அதுவும் ஒன்று. வரம்பிற் காத்திருந்த பெண் தன்னை இரவலளாகக் கருதவில்லை. தனக்குரியதைப் பெறவே வந்தாள். வயற்காரரும் வெளிப்படையாக அதை மறுக்கத் துணியவில்லை. அப்படியாயின் அவளுடைய பங்கு உரிமைதானே என்று கேட்கலாம். உரிமை என்பதற்கு அதைக் காக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். இவளுடைய பங்கைக் காத்தது எது? சட்டமன்று, சங்கமன்று, வயற்காரரின் வெட்கமே காத்தது. ஜாவா மொழியில் வெட்கத்துக்கு இசின் என்று பெயர். குழந்தைகளுக்கு மிக இளமையிலேயே ஊட்டப்படும் உணர்ச்சி அது. ஏழையின் உணவு செல்வனின் வெட்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

வெட்கத்தை நம்பியிராமற் சட்டத்தை நாடிய ஒரு காலமும் வந்தது. 1960 இல் இந்தோனேசியா வாரக்குடிகளின் பங்கை வரையறுக்கும் சட்டத்தையும், காணி பற்றிய அடிப்படைச் சட்டத்தையும், நிலவுடைமைக்கு உச்சவரம்பு விதிக்கும் ஏற்பாட்டையும் நிறைவேற்றியது. நெல்வயலை வாரத்துக்குச் செய்தவன் சில இடங்களில் விளைச்சலிற் பாதி பெற்றான்; பல இடங்களில் மூன்றிலொன்றே பெற்றான். ஆகையால் இச்சட்டங்கள் அற்பமானவையல்ல. ஆனால் நிறைவேற்றம் நத்தைவேகத்திற் சென்றது. 1964 ஆம் ஆண்டளவில், கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த விவசாயிகள் முன்னணியின் தலைமையில் மத்திய, கிழக்கு ஜாவாவின் குடியானவர் சட்டம் தமக்குத் தந்ததைத் தாமே நடைமுறைப்படுத்த முற்பட்டனர்; நிலங்களிற் புகுந்தனர்; தங்களுக்குரிய பங்கை எடுத்துக்கொண்டனர். கிராமத்து இணக்கம் குலைந்ததென்று நிலமுடையோர் குமுறினர். அவ்வியக்கத்திலும் அவசரமும் தவறுகளும் இருந்தன. ஒரு குடும்பத்துக்கு அளவாக நிலம் வைத்திருந்தோரும் அஞ்சி எதிரணியிற் சேர்ந்தனர். ஆயினும் பாவோனை நம்பி வரம்பிற் காத்திருந்தவர்கள் முதன்முறையாக, "தாருங்கள்" என்பதை விட்டு "எமது" என்று பேசினர்.

1965 ஒக்டோபருக்குப் பின் நிகழ்ந்ததை உலகம் அறியும். தளபதிகள் அறுவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து இராணுவம் வழிநடத்திய வேட்டையில், உள்ளூர்க் குழுக்களின் பங்கேற்புடன், குறைந்த மதிப்பீட்டின்படியே ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் கிராமத்துக் குடியானவர். பல இடங்களிற் கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே கூரையை ஒருங்கே ஏற்றியவர்களாய் இருந்திருப்பர். இணக்கத்தை உயிரினும் மேலாகப் போற்றிய கிராமம் இதை எவ்வாறு செய்தது என்று பலர் வியக்கின்றனர். வியப்பதற்கு முன், அந்த இணக்கத்தின் விலை யாது என்று கேட்கவேண்டும். பங்கு கேளாதிருக்கும் வரையிற்றான் ஏழை அந்த இணக்கத்தின் உறுப்பினன் என்பதாயின், கேட்ட அன்றே அவன் அயலவன் என்ற நிலையை இழந்துவிடுகிறான். படைகளின் கட்டளையின்றி இக்கொலைகள் இவ்வளவு பரந்திரா என்பதும் உண்மை; கிராமத்தின் மேல் மட்டும் பழிபோடுவது கட்டளையிட்டவரைத் தப்பவிடுவதாகும். 2023 ஆம் ஆண்டு சனவரியில் அப்போதைய ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ இதைப் பாரிய மனித உரிமை மீறல்களுள் ஒன்றென ஏற்று வருத்தந் தெரிவித்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து வந்த வருத்தம்.

அதன் பின்னரே அரிவாள் வந்தது. 1966 இற் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 நெல்லின் பெற்றோரில் ஒன்று பெத்தா என்னும் இந்தோனேசிய இனமே. குட்டையான தாளும், எளிதில் உதிரும் மணியும் உடைய இப்புதிய இனங்களுக்கு அனி-அனியைவிட அரிவாளே தோதானது. அரிவாளோடு தராசும் வந்தது. அதனோடு தெபாசான் என்னும் முறையும் பரவியது. பயிர் வயலில் நிற்கும்போதே வயற்காரர் அதை வியாபாரிக்கு மொத்தமாக விற்றுவிடுவார். வியாபாரி தன்னுடைய ஆட்களோடு வருவான். நூறு பேர் இறங்கிய வயலிற் பத்து இருபது பேர் இறங்குவர். கூலி பணமாகக் கொடுக்கப்படும். வழமைபோல் வரம்பில் வந்து நின்ற பெண்களுக்கு வயற்காரர் சொல்லக்கூடிய விடை எளிதானது: நான் மறுக்கவில்லை; பயிர் இப்போது என்னுடையதன்று. வியாபாரியோ வேற்றூரவன். இந்த ஊரில் இழப்பதற்கு அவனுக்கு முகமில்லை. வெட்கம் என்னும் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதை இந்த ஒரு கொடுக்கல்வாங்கல் வெளிப்படுத்திவிட்டது. சட்டத்தின் பெயரால் எதிர்த்துப் பேசக்கூடியவர்களோ உயிரோடில்லை. இருந்தவர்களும் வாய் திறக்கும் நிலையில் இல்லை.

அதே ஆண்டுகளிற் சிறு அரிசி ஆலைகள் ஊரூராகப் பரவின. நீளமாகக் குடைந்த மரவுரலைச் சுற்றி நின்று நெற்குற்றிக் கூலியாக அரிசி பெற்ற பெண்களின் வேலையும் போயிற்று. உலக்கைச் சத்தம் மறைந்ததென்று கண்ணீர் வடிக்கும் கவிஞர்களோடு எமக்கு வழக்கு உண்டு. விடியுமுன் எழுந்து நெற்குற்றுவது இடுப்பொடிக்கும் வேலை. அது ஒழிந்தது நன்றே. அரிவாளும் ஆலையும் குற்றவாளிகளல்ல. அவை மீதப்படுத்திய உழைப்பின் பயன் யார் மடியில் விழுந்தது என்பதே வழக்கு.

நேர்மையாகச் சொல்வதாயின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். விளைச்சல் பெருகியது, 1984 இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு கண்டது. 1973 முதல் சில ஆண்டுகளில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆரம்ப பாடசாலைகள் கட்டப்பட்டன. ஆசிரியர்களாகிய நாம் அதனை இலேசாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த முப்பதாண்டுக்கால சுகார்த்தோ ஆட்சியிற்றான் கோத்தோங் ரோயோங் என்ற சொல் மேடைதோறும் முழங்கியது. தேர்தற்காலம் தவிர்ந்த நாட்களில் அரசியற் கட்சிகள் கிராமத்தில் இயங்கக்கூடாது. 1979 ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்குமுள்ள பல்வகைக் கிராம அமைப்புகளையும் ஒரே அச்சில் வார்த்தது. பங்கு கேட்கும் வாயை அடைத்துவிட்டு, கூடிச் சுமக்கும் தோளைப் புகழ்ந்தனர்.

அந்த ஆட்சி 1998 இல் வீழ்ந்தது. 2014 ஆம் ஆண்டின் கிராமச் சட்டம், ஏறத்தாழ எழுபத்தையாயிரம் கிராமங்களுக்கு அரச நிதியை நேரடியாகக் கொண்டுவந்தது. செலவைப்பற்றிக் கிராமக் கூட்டத்தில் வாதிடும் உரிமையும் தந்தது. சில ஊர்களில் அக்கூட்டத்திற் பெண்கள் எழுந்து கணக்குக் கேட்கின்றனர். வேறு சில ஊர்களில் ஊர்த்தலைவரின் உறவினர் மாத்திரம் தலையாட்டுகின்றனர். இளைஞர் ஜகார்த்தாவுக்கும், தொழிற்சாலைகளுக்கும், மலேசியாவுக்கும் போய்விட்டனர். வீடு கட்டுபவர் இப்போது பெரும்பாலும் மேசனைக் கூலிக்கு அமர்த்துகிறார். மரணவீட்டுக்கு மட்டும் அயலவர் இன்றும் அழைப்பின்றி வருகின்றனர்.

வயலிலோ, கடந்த சில ஆண்டுகளாக அரிவாளும் ஒதுங்கி வருகிறது. அறுத்து அடித்து மூட்டையாக்கும் இயந்திரம் ஒரு பகலில் வேலையை முடித்துவிட்டுப் போகிறது. அது போன பின் வயது முதிர்ந்த பெண்கள் சாக்கும் விரிப்புமாக வந்து இறங்குகின்றனர். இயந்திரம் எறிந்துவிட்டுப்போன வைக்கோலை வாரி, கையால் அடித்து, எஞ்சிய மணிகளைப் பொறுக்குகின்றனர். அவர்களை யாரும் தடுப்பதில்லை. வயற்காரர் நல்லவர், எடுத்துக்கொள்ள விடுகிறார் என்று அவர்களே சொல்லக்கூடும். அவர் முகத்தை அவர்கள் கண்டு எவ்வளவு காலம் என்பது வேறு விடயம். பல இடங்களில் அவர் நகரத்தில் வசிக்கிறார்.